சென்னையில் குங்குமப்பூ: இலை மட்டும் வந்து பூ வராத தொட்டிக்கு என்ன செய்வது?

குங்குமப்பூக் கிழங்கு வாங்கி நட்ட சென்னைக்காரர்கள் அநேகமாகக் கார்த்திகை மாதத்தில்தான் உதவி தேடுகிறார்கள். மெல்லிய இலைகள் கொத்தாக வந்து நிற்கின்றன, பூவைக் காணோம். என்ன உரம் போடலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. உரத்தால் தீரும் சிக்கல் இந்தச் செடியில் மிகக் குறைவு. இன்று கண்ணுக்குத் தெரியும் குறைக்கான காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் இப்போது எதைப் பார்க்க வேண்டும், அடுத்த முறை எந்த மாதத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அதற்கு முன், செடியின் ஆண்டுச் சுற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காஷ்மீரின் பாம்பூர் மேட்டு நிலங்களில் சித்திரை, வைகாசியில் இலை காய்ந்து கிழங்கு உறக்கத்துக்குப் போகிறது. வெளியே அசைவே தெரியாத அந்தக் கோடையில்தான் உள்ளே பூமொட்டு உருவாகிறது. அதற்கு உகந்த வெப்பம் 23 முதல் 27 டிகிரி செல்சியஸ். மொட்டு உருவான பிறகு வெப்பம் 17 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் பூ வெளியே வரும். அங்கே அது அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை நடக்கிறது. பூ முடிந்ததும் குளிர்காலம் முழுக்க இலைகள் வெயிலில் நின்று அடுத்த ஆண்டுக்கான சேய்க்கிழங்குகளைப் பருக்கவைக்கின்றன. தாய்க்கிழங்கு கரைந்து போய்விடும்.

சென்னையின் கணக்கு வேறு. கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 37, 38 டிகிரி சாதாரணம். அக்டோபர் இரவுகூட 25 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. ஜனவரி இரவே 21 டிகிரி. போதாததற்கு, செடி பூக்க வேண்டிய அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. இத்தனைக்கும் நடுவில் இங்கே பூக்கவைக்க முடியும். ஆனால் மொட்டைமாடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் நடக்காது.

வாங்கியது குங்குமப்பூக் கிழங்குதானா என்ற சந்தேகம்

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பூவுக்காக மட்டும் சொல்லவில்லை, உயிருக்காகவும் சொல்கிறேன். குங்குமப்பூச் செடி குரோக்கஸ் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இலையுதிர்காலத்தில் பூக்கும் குரோக்கஸ் என்ற பெயரில் கோல்சிக்கம் என்ற வேறொரு செடியும் விற்பனைக்கு வருகிறது. பூ பார்வைக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் செடி முழுக்க விஷம். அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சுதான் நம் ஊர்க் கண்வலிக்கிழங்கிலும், அதாவது செங்காந்தளிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். குரோக்கஸோ கிளாடியோலஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

பூவில் மகரந்தத் தாள்களை எண்ணிப் பாருங்கள். குங்குமப்பூவில் மூன்று, கோல்சிக்கத்தில் ஆறு. குங்குமப்பூவின் இலை ஒடுங்கியது, நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கோல்சிக்கத்தின் இலை அகலமானது, கோடு கிடையாது, பூவோடு சேர்ந்து வராது. ஆறு தாள்கள் இருந்தால் அந்தப் பூவிலிருந்து ஓர் இழையைக்கூடப் பாலில் போடக் கூடாது.

பூ வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் கிழங்கைப் பாருங்கள். நல்ல குங்குமப்பூக் கிழங்கு சற்றே தட்டையான உருண்டை. மேல்தோல் வலைப்பின்னலான பழுப்பு நார். சந்தேகம் வலுவாக இருந்தால் ஒன்றை நறுக்கிவிடுங்கள். உள்ளே ஒரே திண்மமாக வெள்ளையாக இருக்க வேண்டும். வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பிரிந்தால் அது மழை அல்லி, அதாவது ரெயின் லில்லி. அதையும் ஏமாற்றி விற்பதுண்டு.

விதை பாக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரே வரி: குங்குமப்பூ மும்மடிய குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி, விதையே பிடிக்காது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அக்டோபர் முடிந்தும் முளையே இல்லை

மண்ணை விலக்கிக் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அழுகல், கீழே ‘கிழங்கு அழுகுகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள். கல்போல உறுதியாக, எடையோடு இருந்தால் உயிர் இருக்கிறது, வெக்கையில் தாமதிக்கிறது. மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்து, வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். எடையே இல்லாமல் உலர்ந்து சுருங்கியிருந்தால் அது வரும்போதே செத்துப்போன கிழங்காக இருக்கலாம். பார்சல் பிரித்த அன்றே சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைக் குறித்துவைப்பது இதற்காகத்தான்.

இலை வருகிறது, பூ வரவில்லை

பெரும்பாலோரின் புகார் இதுதான். காரணங்களும் இதில்தான் அதிகம். ஊகிக்காமல் ஒரு முளையைத் தியாகம் செய்து பாருங்கள். கிழங்கிலிருந்து கிளம்பும் முளையை வெள்ளை உறைகள் சுற்றியிருக்கும். ஒரு பிளேடால் அந்த உறையை மேலிருந்து கீழாக மெதுவாகக் கீறி, ஒவ்வொரு சுற்றாக உரித்துக்கொண்டே உள்ளே போங்கள். நடுவில் இலைக் குருத்துகளோடு ஒட்டி, காய்ந்த காகிதம்போல, பழுப்பேறி, நெல்மணி அளவோ சற்றுப் பெரிதாகவோ ஒரு துணுக்கு இருக்கிறதா? அதை உள்ளங்கையில் வைத்து நகத்தால் பிரித்தால் சுருண்ட இதழின் தடயம் தெரியும். அது கருகிய பூமொட்டு. அப்படியானால் கோடையில் மொட்டு உருவாகியிருக்கிறது. அக்டோபரில் குளிர் கிடைக்காமல் உள்ளேயே மடிந்துவிட்டது. துணுக்கு எதுவுமே இல்லை, இலைக் குருத்து மட்டும்தான் என்றால் மொட்டு உருவாகவே இல்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மொட்டு உருவாகவில்லை என்றால், முதலில் எடையைப் பாருங்கள். எட்டு கிராமுக்குக் குறைந்த கிழங்கு பூப்பது அரிது. பத்து கிராமுக்கு மேல் இருந்தால் நம்பலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று கிலோக் கணக்கில் பொடிக் கிழங்கு வாங்கினால் இலைதான் வளர்ப்பீர்கள்.

எடை சரியாக இருந்தால் கோடையை விசாரிக்க வேண்டும். கிழங்கு மே, ஜூன், ஜூலையில் எங்கே இருந்தது? சென்னை வீட்டில் மின்விசிறி அறையில் இருந்தது என்றால் வெக்கையே மொட்டைக் கெடுத்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது என்றால் குளிர் கெடுத்திருக்கும். ட்யூலிப் கிழங்குக்குக் குளிர் வேண்டும் என்று கேள்விப்பட்டு இதையும் அப்படியே நான்கு டிகிரியில் காய்கறித் தட்டில் வைத்துவிடுகிறார்கள். குங்குமப்பூவுக்குக் கோடையில் அந்தக் குளிர் வேண்டியதே இல்லை. அந்த வெப்பநிலையில் மொட்டு உருவாகாது. நல்ல எண்ணத்தோடு செய்யும் இந்த ஒரு காரியம் வீணாக்கும் கிழங்குகளை நினைத்தால் எனக்கு மனது தாங்குவதில்லை.

மொட்டு உருவாகத் தேவையான 23 முதல் 27 டிகிரி என்பது நம் படுக்கையறை ஏசியில் வழக்கமாக வைக்கும் அளவுதான். சிக்கல் பகலில், ஏசியை நிறுத்தியதும் அறை 33 டிகிரிக்குப் போய்விடும். ஒரு தெர்மாகோல் பெட்டியின் அடியில் தண்ணீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களை அடுக்குங்கள். அவற்றின்மேல் காகிதம் விரித்துக் கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். இரவில் மூடியைத் திறந்துவைத்து, காலையில் ஏசியை அணைக்கும் முன் மூடிவிடுங்கள். பாட்டில் நீர் இரவில் குளிர்ந்து பகல் வெக்கையைத் தள்ளிப்போடும். தினமும் இரவில் திறப்பதால் பூஞ்சையும் கட்டாது.

இதைவிட எளிய வழி, கோடையைக் காஷ்மீரிலேயே கழியவிடுவது. செப்டம்பரில் வந்து சேரும்படி கிழங்கை வரவழைத்தால் மொட்டு அங்கேயே உருவாகி வந்துவிடும். ஏப்ரலிலோ மே மாதத்திலோ தள்ளுபடி விலையில் விற்பதை வாங்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் செப்டம்பர் வழியைத்தான்.

இனி, கருகிய மொட்டு இருந்தால் என்ன செய்வது? அந்த மொட்டை மீட்க முடியாது. அதே கிழங்கில் இன்னும் விரியாத முளைகள் இருந்தால் அவற்றைக் காப்பாற்றப் பார்க்கலாம். உடனே 15 முதல் 17 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏசியை 17இல் வைத்துவிட்டால் போதாது. கருவியில் தெரியும் எண்ணும் கிழங்கின் பக்கத்தில் வெப்பமானி காட்டும் எண்ணும் சென்னையில் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான அறைகள் 20க்குக் கீழே இறங்குவதே கடினம். ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பமானி இந்த வேலையில் உரமூட்டையைவிட முக்கியம்.

வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தால் அது தங்கம். பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி, அதன் உணரி வயரைப் பெட்டிக்குள் கிழங்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். 17 டிகிரி தாண்டினால் ஓடவும் 15 வந்தால் நிற்கவும் அமையுங்கள். நின்ற கம்ப்ரசர் சில நிமிடங்கள் கழித்தே மீண்டும் ஓடும்படி தாமதத்தையும் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டி பழுதாகும். உள்ளே தட்டில் கிழங்குகளை முளை மேல்நோக்க அடுக்குங்கள். ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். தினம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விடுங்கள். மண் வேண்டாம், உரம் வேண்டாம். பூப்பதற்கு வேண்டிய அத்தனையும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது.

சில வாரங்களில் முளைகளில் வித்தியாசம் தெரியும். இலை முளை ஒல்லியாகக் கூராக நிற்கும். பூ முளை வயிறு பருத்து, வெள்ளை உறையின் நுனியில் ஊதா நிறம் கசியத் தொடங்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உறை பிளந்து பூ எழும்பும். இதழில் அடர் ஊதா நரம்புகள், நடுவில் மூன்று மஞ்சள் மகரந்தத் தாள்கள். இதழ்களைத் தாண்டி வெளியே சரியும் மூன்று செந்நிறச் சூல்முடிகள்தாம் நாம் குங்குமப்பூ என்று வாங்குவது. காலையிலேயே பறித்து, சூல்முடிகளைக் கிள்ளி நிழலில் உலர்த்துங்கள். பூ முடிந்த கிழங்கைத் தொட்டியில் நட்டுவிடுங்கள். ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வளர்ப்பது அந்தப் பூவின் அழகுக்காக. செலவை மிச்சப்படுத்துவதற்காக என்று தொடங்க வேண்டாம்.

கிழங்கு அழுகுகிறது

தொட்டியில் நட்டபின் சென்னையில் அழுகலுக்கு ஒரே பெரிய காரணம் ஐப்பசி மழையில் திறந்தவெளியில் விடுவது. அடுத்தது, தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த கலவை. கீரைக்கும் கத்தரிக்கும் பொருந்தும் அந்தக் கலவை இந்தக் கிழங்குக்கு ஈரம் குறையாத சிறை.

கிழங்கை எடுத்து நார்த்தோலை உரித்துப் பாருங்கள். மேலே நீலப்பச்சைப் பூசணம் மட்டும் இருந்து உள்ளே உறுதியாக இருந்தால் பிழைக்கும். கெட்ட பகுதியைச் சீவி, மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் ஆறவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாத் தூள்) கலந்து அரைமணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். அடிப்பகுதியிலிருந்து செம்பழுப்பு நிறம் உள்ளே ஏறியிருந்தால், அல்லது அழுத்தும்போது கொழகொழவென்று அமுங்கி நாற்றம் வந்தால், அது ஃபுசேரியம் வகைப் பூஞ்சையாகவோ பாக்டீரியா அழுகலாகவோ இருக்கலாம். அந்தக் கிழங்கையும் அந்த மண்ணையும் சேர்த்தே அப்புறப்படுத்துங்கள். மக்கு உரக் குழியில் போடாதீர்கள்.

புதிய கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் அரைப் பங்கு. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சிறிதளவு கலந்துகொள்ளுங்கள்; சூடோமோனாஸ் விற்கும் விவசாய மருந்துக் கடைகளிலேயே அதுவும் கிடைக்கும். மண் தொட்டி நல்லது, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும். பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, ஒருமுறை நன்றாக நீர் விட்டு, பிறகு மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே அடுத்த நீர். தொட்டிக்கு மேலே மழை விழாத கூரை அவசியம்.

இலை நுனி கருகுகிறது, அல்லது இலை நீண்டு சாய்கிறது

நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவது நல்ல பழக்கமாகத் தோன்றும். ஆனால் அதில் உப்பு மேலும் செறிந்திருக்கிறது. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான மாநிலம் நம்முடையது. மாடியில் விழும் மழையில் சில குடங்களைப் பிடித்துவைத்தால் இந்தச் சில தொட்டிகளுக்குத் தாராளம்.

இலை வெளிறி நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. பூப்பதற்கு வெயில் தேவையில்லை, மேலே சொன்னபடி பெட்டிக்குள்ளேயே பூத்துவிடும். பூத்தபிறகு நிலைமை தலைகீழ். மார்கழி, தை மாதங்களின் காலை வெயில் முழுக்க இலையில் விழ வேண்டும்.

கிழங்கின் அடியில் முள்ளங்கிபோல ஒரு தடித்த வேர்

நோயில்லை. வெள்ளையாக, சாறு நிறைந்து, மற்ற நார்வேர்களைவிடப் பலமடங்கு பருமனாக இருக்கும் அந்த வேர் சுருங்கி, சேய்க்கிழங்கை மண்ணுக்குள் கீழே இழுக்கும். வெட்டாதீர்கள். பல கிழங்குகளில் அது தென்பட்டால், இன்னும் ஆழமாக நட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்ட கிழங்கையே காணோம்

எலி, பெருச்சாளி, அணில். தொட்டியின் மேல் கம்பிவலை போட்டு ஓரத்தைக் கட்டிவிடுங்கள். வேறு மருந்து வேண்டாம்.

ஏசியும் பெட்டியும் இல்லாமல் பூக்க வேண்டும்

அப்படியானால் குரோக்கஸை விட்டுவிட்டு மழை அல்லியை முழு மனதோடு வளர்க்கச் சொல்வேன். வெள்ளை, இளஞ்சிவப்பு என இரண்டுமே கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் கிடைக்கும். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த சில நாள்களில் தரையோடு ஒட்டி வரிசையாகப் பூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் குரோக்கஸ் பாத்திதான். அதன் கிழங்கும் உண்ணத் தக்கதல்ல, குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. குங்குமப்பூவைக் கொன்றுகொண்டே இருப்பதைவிட இந்த ஊரை விரும்பும் செடிக்கு இடம் கொடுப்பது மேல்.

முதல் ஆண்டு பூத்தது, இரண்டாம் ஆண்டு பூக்கவில்லை

முதல் ஆண்டுப் பூ காஷ்மீர் விவசாயி தந்தது. இரண்டாம் ஆண்டுப் பூவைத்தான் நாம் உருவாக்க வேண்டும். நவம்பரில் பூ முடிந்த கிழங்கிலிருந்து ஏப்ரல் வரை இலை பச்சையாக நின்றால் சேய்க்கிழங்கு பருக்கும். சென்னையில் மாசி வெக்கை தொடங்கியதும் இலை மஞ்சளாகிவிடுகிறது. பாதி வேலையில் நின்றுபோன சேய்க்கிழங்கு பட்டாணி அளவிலும் கொட்டைப்பாக்கு அளவிலும் தங்கிவிடுகிறது.

இலையின் ஆயுளை நீட்டுவதுதான் வழி. காலை வெயில் காட்டிவிட்டுப் பத்து மணிக்குள் தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். இரவில் ஏசி அறைக்குள் எடுத்துவையுங்கள். உரம் உண்மையாகவே பயன்படுவது இந்தக் கட்டத்தில் மட்டும்தான்: நடும்போது கொஞ்சம் எலும்புத்தூள், தை மாதத்தில் சிட்டிகை பொட்டாஷ். யூரியா வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, செப்டம்பரில் குளிர்சாதனப் பெட்டித் தட்டில் அடுக்கும்போதே செய்ய வேண்டியது. கிழங்கின் உச்சியில் இரண்டு மூன்று பெரிய முளைகள் இருக்கும். பக்கவாட்டில் கடுகளவு, மிளகளவு முளைகள் பல இருக்கும். உச்சி முளைகளை விட்டுவிட்டு, பக்க முளைகளை நகத்தால் வழித்துவிடுங்கள். ஒவ்வொரு முளையும் ஒரு சேய்க்கிழங்கு ஆகும் என்பதால், முளை குறைந்தால் எண்ணிக்கை குறையும், அளவு கூடும்.

இலை முழுக்கக் காய்ந்த பிறகு நீரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டுங்கள். தாய்க்கிழங்கு தட்டையான பழுப்பு வில்லையாக அடியில் ஒட்டியிருக்கும்; அதை உரித்தெறிந்துவிட்டுச் சேய்களை ஒவ்வொன்றாகத் தராசில் வையுங்கள். எட்டு கிராமைத் தாண்டியவற்றைத் தெர்மாகோல் பெட்டிக்கு அனுப்புங்கள். வைகாசி வெக்கை அங்கே அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. குறைந்தவற்றை அடுத்த பருவத்துக்குத் தனித் தொட்டியில் இலைக்காக மட்டும் நடலாம். அவ்வளவு இடமும் பொறுமையும் இல்லையென்றால், ஒவ்வொரு செப்டம்பரிலும் பத்து கிராமுக்கு மேற்பட்ட புதுக் கிழங்கு கொஞ்சம் வரவழைத்துக்கொள்ளுங்கள்.